தேக்காவைத் தாண்டி எங்கே, எப்படிச் சாப்பிடுவது? (சிங்கப்பூர் உணவங்காடி, காப்பிக்கடை, சின்ன உணவகம்)

மன்னார்குடி மாப்பிள்ளை | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து சில மாதங்கள் ஆகின்றன. வீடு ஈசூனில், அலுவலகம் தஞ்சோங் பகார் பக்கம். சனி, ஞாயிறு வந்தால் கால் தானாக லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்விடுகிறது. பிரியாணி, தோசை, மீன் குழம்பு எல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து ஊர்ச் சாப்பாடு ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கிற ஊருக்கு வந்தும் மன்னார்குடியில் சாப்பிட்டதையே சாப்பிட்டுக்கொண்டிருப்பது உறுத்துகிறது.

மதியம் அலுவலக நண்பர்களோடு உணவங்காடி நிலையத்துக்கு (ஹாக்கர் சென்டர்) போனால் வரிசையில் முன்னால் நிற்பவர் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு வருகிறேன். பன்றியும் மாடும் எனக்கு வேண்டாம். கோழி, மீன், முட்டை சரி. மனைவி அடுத்த மாதம் வருகிறாள். அவள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

புகழ்பெற்ற கடைகளின் பட்டியல் இணையத்தில் ஏராளம், அது வேண்டாம். எப்படிக் கேட்பது, எதில் என்ன ஒளிந்திருக்கும், எவ்வளவு ஆகும், இதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன வாரம் மாலா என்ற காரமான சீன வறுவல் கடையில் எனக்கு மட்டும் 17 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எதற்கு அவ்வளவு ஆனது என்றே புரியவில்லை.

---

தோ பாயோ மணி | திங்கள், இரவு 10.05

பட்டியல் வேண்டாம் என்றீர்களே தம்பி, அதற்கே உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தரலாம்.

மேக்ஸ்வெல் மாதிரிப் புகழ்பெற்ற உணவங்காடியில் தொடங்காதீர்கள். உங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயோ இரண்டு புளோக் தள்ளியோ ஒரு காப்பிக்கடை இருக்கும். அதில் கண்ணாடிக்குப் பின்னால் இருபது, முப்பது தட்டுகளில் பதார்த்தங்களை அடுக்கி வைத்து ஒரு கடை இருக்கும். எக்கனாமி ரைஸ் என்று பலகையில் போட்டிருக்கும், பேச்சில் சாய் பிங். விரலால் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. ஒரு கறியும் இரண்டு காயும் எடுத்தால் குடியிருப்புப் பேட்டையில் 4 வெள்ளியை ஒட்டி வரும், நகர மையத்தில் கூடுதல். மீனையும் இறாலையும் தொட்டால் விலை ஏறும். முழு மீனைக் காட்டும் முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசியில் அந்த அம்மா உங்கள் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே காயென்று நினைப்பதெல்லாம் காயல்ல. டோஃபு, நீள அவரை, கத்தரிக்காய் மூன்றின் மேலும் பொடியாகக் கொத்திய பன்றிக்கறி தூவியிருக்கும். இனிப்புப் புளிப்புச் சாறு ஊற்றிப் பொரித்தது கோழியா பன்றியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெந்த முட்டைக்கோஸிலும் சின்னச் சின்ன காய்ந்த இறால் கிடக்கும். காட்டிய விரலை எடுக்காமல் "போர்க்?" என்று ஒரு சொல் கேளுங்கள், தலையை ஆட்டிப் பதில் வரும். கரண்டியும் வாணலியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது ஒத்துவராது என்றால் சாய் பிங்கை விட்டுவிடுங்கள்.

மாலா பற்றி: அது எடைக்கு விற்பது. அலுமினியச் சட்டியில் நீங்களாக எடுத்துப் போட்டதைத் தராசில் வைத்து 100 கிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். சில கடைகளில் காய்க்கு ஒரு விலை, கறிக்கு ஒரு விலை. உருளைக்கிழங்கு, தாமரைத்தண்டு, சோளம் மூன்றும் எடையைத் தூக்கிவிடும். சோயாப் பால் ஏடு, காளான், கீரை இவையெல்லாம் சட்டியை நிரப்பும், தராசைத் தொந்தரவு செய்யாது. இன்னொன்று, மாலா மசாலாவில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. மாடு வேண்டாமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

---

ஜூரோங் ஜம்பு | திங்கள், இரவு 10.31

17 வெள்ளிக்கு சிராங்கூன் சாலையில் குடும்பத்தோடு தோசை சாப்பிட்டிருக்கலாம். கோமள விலாஸ் 1947லிருந்து அங்கேயே இருக்கிறது. எதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்?

---

தோ பாயோ மணி | திங்கள், இரவு 10.40

ஜம்பு, அவர் கேட்டது தோசை எங்கே கிடைக்கும் என்று அல்ல. 

---

சைவப்பட்சி | செவ்வாய், காலை 7.20

சைவத்துக்கு நான் வருகிறேன், இதில் பழுத்தவள்.

மாப்பிள்ளை, உங்கள் மனைவி பயப்படவே வேண்டாம். இந்த ஊரில் சீன சைவக் கடை இல்லாத பேட்டை அரிது. பெரிய காப்பிக்கடைகளில் ஒரு கடையாவது இருக்கும், 'வெஜிட்டேரியன்' என்று பலகையில் பளிச்சென்று போட்டிருக்கும். புத்தமத வழக்கப்படி நடக்கும் கடைகள் என்பதால் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அவற்றை விலக்குபவர்களுக்கும் தோது. காலையில் போனால் பீ ஹூன் கிடைக்கும்: வறுத்த சேமியா மாதிரியான மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே முட்டைக்கோஸ், பொரித்த சோயா ஏடு, சிவப்பு மிளகாய்ச் சாந்து ஒரு கரண்டி. அந்த ஏட்டைக் கடிக்கும்போது அப்பளத்தின் சத்தம் வரும். என் காலை உணவு பாதி நாள் அதுதான்.

கோழி மாதிரி, மீன் மாதிரி, பன்றி வாட்டல் மாதிரி செய்த பதார்த்தங்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும் காளானும்தான். ஆனால் முட்டை விஷயத்தில் கவனம். சீன சைவத்தில் சில கடைகள் முட்டையும் பாலும் சேர்ப்பார்கள், மஞ்சள் நூடுல்ஸிலும் முட்டை இருக்கலாம். "நோ எக்" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியும், சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு இந்தக் கடைகளில் வரிசை நீளும். சீக்கிரம் போங்கள்.

இடம் ஒன்று சொல்கிறேன். பூகிஸ் பக்கம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் யின் கோயிலும் நம் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் யினைக் கும்பிட்டு வருகிற சீனர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். கோயில் கூட்டத்தினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சைவக் கடைகள் அதிகம். பார்ச்சூன் சென்டர் கட்டடத்துக்குள் போனால் உங்கள் மனைவிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கஷ்டம்தான் இருக்கும்.

---

மன்னார்குடி மாப்பிள்ளை | செவ்வாய், காலை 8.02

சைவப்பட்சி அக்கா, இது பெரிய உதவி. மணி அண்ணன் சொன்ன கொத்துக்கறி விஷயம் வயிற்றைக் கலக்கிவிட்டது. நீள அவரையை நிறைய வாங்கியிருக்கிறேன்.

சைவக் கடை இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அவள் எதைச் சாப்பிடலாம்? ரோஜாக், போப்பியா எல்லாம் பார்த்தால் காய்தானே?

---

சைவப்பட்சி | செவ்வாய், காலை 8.30

அங்கேதான் மாட்டுவீர்கள்.

சீன ரோஜாக்கில் அன்னாசி, வெள்ளரி, டோஃபு எல்லாம் இருக்கும். அதைப் பிரட்டும் கறுப்புச் சாந்து இறாலில் செய்தது. போப்பியா என்ற காய்ச் சுருளில் முட்டையும் காய்ந்த இறாலும். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கு அடிப்படையே காய்ந்த இறால். சம்பல் கங்கோங் என்று கீரை வரும், அதில் பெலாச்சான், இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்த கட்டி. மலாய்க் கடைகளின் காய்க் குழம்பிலும் இறாலோ நெத்திலியோ இருக்க வாய்ப்பு அதிகம். கேரட் கேக்கில் கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து முட்டையோடு வறுப்பது. சிக்கன் ரைஸ் கடையில் வெறும் சோறு கேட்டாலும் அந்தச் சோறு கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. கொரியக் கிம்ச்சியில் மீன் சாறு அல்லது உப்பிட்ட இறால், ஜப்பானியச் சூப்புகளில் காய்ந்த மீன்.

தப்பிக்க வழி: தண்டர் டீ ரைஸ். ஹக்கா சீனர்களின் உணவு. சோற்றின் மேல் பொடியாக நறுக்கிய நாலைந்து வகைக் கீரையும் காயும், டோஃபு, வறுத்த வேர்க்கடலை. பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைச் சூப், தேயிலையும் துளசி வகை இலைகளும் புதினாவும் அரைத்தது. நெத்திலி போடாமல் தரச் சொல்ல வேண்டும், சொன்னால் தருவார்கள்.

---

கேலாங் சிராய் பாய் | செவ்வாய், மதியம் 1.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பன்றி வேண்டாம் என்கிறவருக்கு எங்கள் வழி சுலபமானது. கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பன்றியும் கிடையாது, பன்றிக் கொழுப்பும் கிடையாது. 'நோ போர்க், நோ லார்ட்' என்று எழுதி ஒட்டியிருப்பது வேறு, அது கடைக்காரர் சொல்வது மட்டும். உங்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ, வான்டன் மீ என்ற நூடுல்ஸ் வகைகள் மூன்றும் சீனக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்போடு வரும். இறால் நூடுல்ஸ் என்று போட்டிருக்கும், சூப்பு பன்றி எலும்பில் கொதித்தது. ஆனால் இவை அத்தனைக்கும் ஹலால் கடைகள் உண்டு, தேடினால் கிடைக்கும்.

ஜம்பு தோசையை மட்டும் சொல்கிறாரே, தமிழர் கைபட்ட சிங்கப்பூர்ச் சாப்பாடு வேறு எவ்வளவு இருக்கிறது! மீ கோரேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர் நூடுல்ஸ், தக்காளிச் சாஸ், மிளகாய், ஆட்டுக்கறி அல்லது முட்டை, சிவக்கச் சிவக்க வறுத்துத் தருவது நம் தமிழ் முஸ்லிம் கடைகள்தான். ஊரில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்தியன் ரோஜாக்கும் அப்படித்தான்: வடை வகைகளையும் உருளைக்கிழங்கையும் டெம்பே என்ற புளிக்க வைத்த சோயாக் கட்டியையும் நீங்களே தட்டில் எடுத்துக் கொடுத்தால் மறுபடி சூடான எண்ணெயில் போட்டு எடுத்து வெட்டி, இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்போடு தருவார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று விலை, இறால் வடைக்குத் தனி. மீன்தலைக் கறியும் இங்கே பிறந்ததுதான். கேரளத்திலிருந்து வந்த ஒருவர் 1949 வாக்கில், மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்தார். இப்போது சீனக் கடைகளும் செய்கின்றன.

ஒரு வாரக்கடைசி கேலாங் சிராய் சந்தையின் மேல்தளத்துக்கு வாருங்கள். காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், குழம்பில் போட்ட அரிசிக் கட்டியான லோந்தோங். மதியம் சோறும் பல பதார்த்தங்களுமான நாசி பாடாங். எல்லாம் கைகாட்டி வாங்குவதுதான்.

---

ராபிள்ஸ்பிளேஸ் அடிமை | செவ்வாய், மதியம் 2.48

தஞ்சோங் பகாரில் வேலை என்றால் நீங்களும் என் இனம். மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட், லாவ் பா சாட் எல்லாம் நடை தூரம். 12 மணிக்குக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்காது. 11.30க்கு நழுவுங்கள், அல்லது 1.30க்குப் பிறகு போங்கள். ரொம்பத் தாமதித்தால் நல்ல கடை தீர்ந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும். அமோய் ஸ்திரீட்டில் அலுவலகக் கூட்டம் முடிந்ததும் பல கடைகள் மூட்டை கட்டிவிடும், இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போகாதீர்கள்.

மேசையில் ஒரு டிஷ்யூப் பொட்டலம் தனியாகக் கிடந்தால் அங்கே ஆள் வரப்போகிறார் என்று அர்த்தம், உட்காராதீர்கள். குடை, அலுவலக அட்டை, தண்ணீர்ப் புட்டி எதுவாகவும் இருக்கலாம். சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் சண்டை வரும். நாலு பேர் மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால் கேட்டுவிட்டு எதிரில் உட்காரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் வைப்பது கட்டாயம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து அமலாக்கம் இருக்கிறது. முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம். வைக்கும் அடுக்கில் ஹலால் தட்டுக்குத் தனி இடம், மற்றதுக்குத் தனி இடம். மாற்றி வைக்காதீர்கள், பாயும் கோபித்துக்கொள்வார், துப்புரவு செய்யும் பாட்டியும் கோபித்துக்கொள்வார்.

சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட கறி) பிடிக்கும் என்றால் லாவ் பா சாட்டை ஒட்டிய பூன் தாட் ஸ்திரீட்டை இரவு ஏழுக்கு மேல் வாகனத்துக்கு மூடிவிட்டு மேசை போடுவார்கள். பயணிகள் கூட்டம்தான், விலையும் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவில் புகைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும். லாவ் பா சாட்டின் இரும்புத் தூண்களையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள், 1894இல் போட்டது.

---

ஜூரோங் ஜம்பு | செவ்வாய், இரவு 8.10

எல்லாம் சரி. விலையைப் பற்றி யாராவது பேசுவீர்களா? 3 வெள்ளிக்குத் தின்ற நூடுல்ஸ் இப்போது 5, 6. உணவங்காடி என்றால் மலிவு என்பதெல்லாம் பழைய கதை. அதே காசுக்கு மால் உணவுக்கூடத்தில் ஏசியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

---

தோ பாயோ மணி | செவ்வாய், இரவு 9.25

இந்தப் பேச்சு வரும் என்று தெரியும்.

ஜம்பு, இந்த நிலையங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். 1968, 69இல் தெருவில் விற்றவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தபோது சுமார் 18,000 பேர். குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிவு நேராகச் சாக்கடைக்குள். 1986க்குள் அவர்களையெல்லாம் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அப்படி வந்த முதல் தலைமுறைக்குச் சலுகை வாடகை. அந்தத் தலைமுறைதான் உங்கள் 3 வெள்ளி நூடுல்ஸை விற்றது. இப்போது கடை நடத்துபவர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டி இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த இடம் ஏலத்துக்குப் போகிறது, சலுகை போய்விடுகிறது. 2024இல் மரின் பரேட் நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் கேட்டார்கள். அது விதிவிலக்குத்தான், எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆனாலும் காலை நாலு மணிக்கு வந்து சூப்பைக் கொதிக்க வைப்பவர், எண்ணெயும் கோழியும் எரிவாயுவும் ஏறிய பிறகு 3 வெள்ளிக்கே விற்க வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? அதே ஆள் மாலில் தண்ணீர் கலந்த பழச்சாற்றை 6 வெள்ளிக்கு வாங்கும்போது வாயைத் திறப்பதில்லை.

இந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். பட்டியல் வாடகை கட்டாது.

---

ஜூரோங் ஜம்பு | செவ்வாய், இரவு 9.41

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை அண்ணே. என் சம்பளம் ஏறவில்லை, அதைச் சொன்னேன்.

---

தோ பாயோ மணி | செவ்வாய், இரவு 9.50

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தால் உணவங்காடியில் செலவழியுங்கள்.

---

உட்லண்ட்ஸ் அக்கா | புதன், காலை 10.12

சின்ன உணவகங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். குடும்பம் வந்துவிட்டால் உணவங்காடி வெக்கையில் எப்போதும் உட்கார முடியாது.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி என்று போட்டது 23 வெள்ளி 98 காசாக வரும். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம். சீன உணவகங்களில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈர டிஷ்யூவும் மேசைக்கு வரும். உபசாரம் என்று நினைக்காதீர்கள், பில்லில் ஏறும். வேண்டாமென்றால் வந்த உடனே திருப்பிக் கொடுங்கள், பிரித்துவிட்டால் உங்களுடையது.

கடல் உணவில் 'சீசனல் பிரைஸ்' என்று போட்டிருந்தால் எடை போட்டு மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். நண்டு, பெரிய இறால் எல்லாம் அப்படித்தான். 2009இல் நியூட்டனில் ஒரு கடை அமெரிக்கப் பயணிகளுக்கு 491 வெள்ளி பில் போட்டு, எட்டு இறாலுக்கு மட்டும் பெருந்தொகை வாங்கியது செய்தியாகி, கடையைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கிற கடைக்கு நான் போவதில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கட்டடம் ஒன்று இருக்கும், அங்கே போனால் அவர்கள் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். நாம் தேக்காவில் கூடுவதுபோலத்தான். பிலிப்பினோக்களுக்கு லக்கி பிளாசா, பர்மியர்களுக்குச் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா பிளாசா. தாய்லாந்துக்காரர்களுக்குக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் இருந்தது, 2023இல் மூடிவிட்டார்கள். கடைகள் சிதறிப்போயின, பீச் ரோடு வட்டாரத்தில் சில இருக்கின்றன.

பெனின்சுலா பிளாசாவுக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைக் கடற்கரைப் பக்கம் விற்கிறார்களே அத்தோ, அதன் தாய்வீடு அங்கே இருக்கிறது. நூடுல்ஸைக் கையால் பிசைந்து வறுத்த வெங்காயம், கடலைமாவு, புளி, மிளகாய் போட்டுத் தருவார்கள். தேயிலைச் சாலட் இன்னொன்று: புளிக்க வைத்த தேயிலையோடு முட்டைக்கோஸ், தக்காளி, வறுத்த பருப்பு, எள். கசப்பும் புளிப்பும் மொறுமொறுப்பும் ஒன்றாக வரும். கடலைமாவில் செய்த டோஃபுவும் உண்டு. காய்ந்த இறாலும் மீன் சாறும் இல்லாமல் கேட்டால் சைவக்காரர்களும் சாப்பிடலாம். பிசைகிற உணவு என்பதால் உங்கள் கண்ணெதிரில்தான் சேர்ப்பார்கள், சமைத்து வைத்த குழம்பைவிட அதில் நம்பிக்கை அதிகம்.

---

ராபிள்ஸ்பிளேஸ் அடிமை | புதன், காலை 10.40

அக்கா, அத்தோ என்ற ஒரு சொல்லில் என் இன்றைய மதியத்தைத் தீர்மானித்துவிட்டீர்கள்.

---

மன்னார்குடி மாப்பிள்ளை | வியாழன், இரவு 8.55

நிலவரம் சொல்கிறேன். நேற்று எங்கள் புளோக்கு சாய் பிங் கடையில் தக்காளி முட்டை, கங்கோங், சோயாக் கோழி எடுத்தேன். "போர்க்?" என்று டோஃபுவைக் காட்டியதும் அந்த அம்மா கையை எடுத்துத் தடுத்தே விட்டார். பக்கத்துத் தட்டிலிருந்த கறியில்லாத டோஃபுவைக் காட்டினார். 4 வெள்ளி 30 காசு. கறிக்குழம்பைச் சோற்றின் மேல் கேட்காமலேயே ஊற்றினார். அது நம் குழம்பு இல்லை, தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது, ஆனால் சோற்றுக்கு நன்றாகச் சேர்ந்தது.

இன்று மதியம் மேக்ஸ்வெல்லில் சிக்கன் ரைஸ். நீளமான வரிசையை விட்டுவிட்டு ஆள் குறைவான இன்னொரு கடையில் வாங்கினேன். அவித்த கோழி இவ்வளவு வழுவழுப்பாக இருக்குமா? எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தது, வேகவில்லையோ என்று ஒதுக்கி வைத்தேன்.

இன்னொரு சந்தேகம். பானக் கடையில் எல்லோரும் ஏதோ மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். நான் டீ என்றால் கெட்டிப் பாலும் சீனியுமாகத் திகட்டுகிறது.

---

தோ பாயோ மணி | வியாழன், இரவு 9.20

வேகாமல் இல்லை. கோழியைக் கொதிக்காத சூட்டில் மெல்ல வேகவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள், அதனால்தான் தோலுக்கடியில் வழுவழுப்பு. எலும்போரச் சிவப்பு அந்தப் பக்குவத்தில் சகஜம். மனம் ஒப்பவில்லை என்றால் வறுத்த கோழி கேளுங்கள், அதே சோறு, அதே இஞ்சி மிளகாய்ச் சட்னி.

வரிசையை விட்டீர்கள் பாருங்கள், அது சரி. 2016இல் மிச்செலின் உணவக வழிகாட்டி இங்கே இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. சோயா சாஸ் கோழிக் கடைக்கு 2021இல் அது போய்விட்டது. மற்றது பன்றி நூடுல்ஸ், நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். அந்தப் பட்டியலால் உங்களுக்கு என்ன லாபம்?

பானம்: தே, கோப்பி என்றால் கெட்டிப் பால் போட்டது. பின்னால் 'ஓ' சேர்த்தால் பால் இல்லை, சீனி மட்டும். 'சி' சேர்த்தால் இனிப்பில்லாத டப்பாப் பாலும் சீனியும். சீனியே வேண்டாமென்றால் 'கோசோங்', குறைவாக வேண்டுமென்றால் 'சியூ டாய்'. ஐஸ் போட 'பெங்'. கெட்டியாக 'காவ்'. உங்களுக்கு 'தே சி கோசோங்' அல்லது 'தே சி சியூ டாய்'. மனைவிக்கு இஞ்சி டீ பிடிக்குமென்றால் இந்திய முஸ்லிம் கடையில் 'தே ஹலியா', இழுத்து ஆற்றித் தருவார்கள். கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள், அதனால்தான் அந்தக் கருகல் வாசனை. கும்பகோணம் டிகிரி காப்பியை மனதில் வைத்துக்கொண்டு குடிக்காதீர்கள்.

---

சைவப்பட்சி | வியாழன், இரவு 9.48

மார்ஜரின் என்றாலும் சில இடங்களில் வெண்ணெய். பால் விலக்குபவர்கள் மட்டும் கவனிக்க.

மாப்பிள்ளை, மனைவி வந்த முதல் வாரமே சீனக் கடைக்கு இழுத்துப் போகாதீர்கள். கடை வாசலில் நிற்கும்போது பக்கத்துக் கடையில் தொங்கும் வாத்துகளைப் பார்க்க வேண்டியிருக்கும், பழக்கமில்லாதவர்களுக்கு அதுவே போதும். முதலில் பார்ச்சூன் சென்டர், அப்புறம் தனியாக இருக்கும் சைவக் கடைகள், அதன் பிறகு உணவங்காடி.

---

மன்னார்குடி மாப்பிள்ளை | வெள்ளி, காலை 7.35

தே சி சியூ டாய் வாங்கிவிட்டேன். கடைக்காரர் ஒரு தடவைகூட "ஹா?" என்று கேட்கவில்லை.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இறங்குகிறாள். அன்று மதியம் தேக்கா, மறுநாள் திங்கள் விடுப்பு எடுத்து வாட்டர்லூ ஸ்திரீட் என்று வைத்திருக்கிறேன். சரியா?

---

உட்லண்ட்ஸ் அக்கா | வெள்ளி, காலை 8.05

திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை, செவ்வாய்க்கு மாற்றுங்கள். தேக்காவுக்கும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். உணவங்காடி நிலையங்களைச் சில மாதத்துக்கு ஒரு தடவை கழுவித் துடைக்க ஓரிரு நாள் மூடுவார்கள், பழுதுபார்ப்பு வந்தால் மாதக்கணக்கு. 2023இல் தேக்கா அப்படி மூன்று மாதம் மூடிக் கிடந்தது. தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் போட்டிருப்பார்கள்.

---

கேலாங் சிராய் பாய் | வெள்ளி, காலை 8.22

ஞாயிறு மதியம் தேக்காவில் உட்கார இடம் பிடிக்க ஒருவர், வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். தங்கச்சியைப் பெட்டியோடு நிற்க வைக்காதீர்கள். வீட்டில் இறக்கிவிட்டு மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள்.

---

மன்னார்குடி மாப்பிள்ளை | வெள்ளி, காலை 8.30

சரி பாய். செவ்வாய்க்கு விடுப்பு மாற்றிக் கேட்டாயிற்று.